அக்காவின் பெயரும் ஏழாம் பத்தியும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் அக்காவின் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அக்கா போய் ஓராண்டு நிறைந்த இந்த நாளில் இவ்வளவு பேர் மலையேறி வந்திருக்கிறீர்கள். நன்றி. மலரில் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்று சித்தப்பா இரண்டு முறை போன் செய்து சொன்னார். நல்லதும் எழுதியிருக்கிறேன், மற்றதும் எழுதியிருக்கிறேன். பிடிக்காதவர்கள் படத்தை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். படம் நன்றாக வந்திருக்கிறது.

அக்கா பிறந்தது கொட்டச்சேட்டில், ஒரு காப்பி எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில். அப்பா மிளகு பறிக்க மரம் ஏறுவார். அம்மா காப்பிப் பழம் பறிப்பார். அக்கா ஏற்காட்டில் மிஷன் பள்ளியில் படித்தார். அவர் பிளஸ் டூ எழுதிய ஆண்டில் அப்பா நெஞ்சுவலி வந்து தவறிவிட்டார். இனி எதற்குப் படிப்பு, பெண்ணைத் தோட்டத்து வேலைக்கு அனுப்பு என்று அப்போது அம்மாவுக்குப் புத்தி சொன்னவர்கள் இன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் தவறாமல் ஒரு மலர் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா பட்டம் முடித்துவிட்டு, சேலத்தில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி முதுகலை சேர்ந்தார். முதல் ஆண்டுக் கட்டணத்தில் அம்மாவின் தோடு போயிற்று. இரண்டாம் ஆண்டுக்காக, யாரோ ஒரு பெரியவரின் நினைவாக அந்தத் துறையில் கொடுத்துவந்த உதவித்தொகைக்கு எழுதிப் போட்டார். எழுதிப் போட்டவரின் வீட்டை நேரில் பார்த்து அறிக்கை எழுதுவது அங்கே வழக்கம். பார்க்க வருகிறவர்கள் யார் என்பதுதான் விசேஷம். அதே துறை மாணவர்களையே களப்பணி என்று அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு மார்க்கும் ஆயிற்று, துறைக்கு விசாரணையும் ஆயிற்று.

ஆள் வரப்போகிறது என்றதும், டிவியை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று சொன்னது நான். அப்போது ஒன்பதாம் வகுப்பு. தவணையில் வாங்கிய சின்ன டிவி. டிவி இருக்கிற வீட்டுக்கு எவர் பணம் கொடுப்பார் என்று கேட்டேன். அம்மாவுக்கும் அது சரியாகப் பட்டது. அக்கா பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் இருவரும் தூக்கிக்கொண்டு போனோம். அக்கா திரும்பி வந்து வெறும் மேசையைப் பார்ப்பதற்குள் அவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

வந்தது மூன்று பேர். முன்னால் நின்றவர் அக்காவோடு ஒரே பெஞ்சில் உட்காரும் தோழி. கையில் பரீட்சை அட்டை, அதில் செருகிய தாள். அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தார். தோழி சிரிக்கவில்லை. விசாரணையில் சிரிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

“குடும்பத்துல எத்தன பேருங்க?” என்று அம்மாவிடம் ஆரம்பித்தார். பிறகு, “வாரத்துல எத்தன நாளு கறி எடுப்பீங்க?”

“போன திங்கக்கெழம என்ற டிபன்ல இருந்து எடுத்துத் தின்னியே, அதுதான் அந்த வாரத்துக் கறி. எழுதிக்கோ” என்றார் அக்கா.

தோழி தலை நிமிராமல் அடுத்த கேள்விக்குப் போனார். “டிவி இருக்குதுங்களா?”

“இல்லீங்க சாமி” என்றார் அம்மா.

அக்கா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெளியே போனார். அடுத்த வீட்டிலிருந்து டிவியைத் தானே தூக்கிவந்து அந்த மூவருக்கும் நடுவில் தரையில் வைத்தார். “இருக்குது. நல்லாவே ஓடும். போட்டுக் காட்டோணுமா?” என்று கேட்டார். அம்மா சமையல்கட்டுக்குள் போனவர் அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் மாதா கோவிலுக்குக்கூட வரவில்லை.

உதவித்தொகை கிடைக்கவில்லை. ‘தகவலை மறைத்த குடும்பம்’ என்று காரணம் போட்டிருந்தார்கள். அதோடு விட்டார்களா? தோழியின் அறிக்கை அருமையாக இருக்கிறதென்று, எங்கள் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, மாதிரி அறிக்கையாக வகுப்பில் வாசித்தார்கள். யார் வீடு என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா அதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. டிவியை ஒளித்தது என் தப்பு. அதற்கு அக்காவை வகுப்பு நடுவில் உட்காரவைத்து மானத்தை வாங்கியது அவர்கள் தப்பு. என் தப்பை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். அவர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.

இரண்டாம் ஆண்டு முழுக்க அக்கா சனி, ஞாயிறுகளில் தோட்டத்தில் பழம் பறித்துக் கட்டணம் கட்டினார். படிப்பு முடிந்து ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தார். பென்ஷன் வராத முதியோர், பள்ளிக்குப் போகாமல் நின்ற பிள்ளைகள், குடித்தே அழிகிற ஆண்கள் என்று கொட்டச்சேட்டுக்கும் செம்மநத்தத்துக்கும் அலைந்தார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குள்ளும் தாளும் பேனாவும் கொண்டுபோக மாட்டார். உள்ளே உட்கார்ந்து பேசுவார், கொடுத்ததைச் சாப்பிடுவார். பிறகு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து, நினைவில் இருப்பதை எழுதுவார். பாதி விவரம் விட்டுப்போகிறது என்று மேலே இருப்பவர்கள் திட்டினார்கள். விட்டுப்போகட்டும் என்று சொல்லிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி உறவினர்கள் பேசியதையெல்லாம் எழுதினால் மலர் புத்தகமாகிவிடும்.

அக்காவின் பிடிவாதம் அவரையும் விடவில்லை. வயிற்றுவலியை ஒரு வருடம் யாரிடமும் சொல்லாமல் மறைத்தார். சேலம் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. கடைசி வாரத்திலும் என்னிடம் கேட்டது, “அந்தச் செம்மநத்தத்துக்காரருக்குப் பென்ஷன் ஆர்டர் வந்துருச்சா, கேட்டியா?” என்பதுதான். நான் கேட்கவில்லை. ஆனால் கேட்டதாகவும் ஆர்டர் வந்துவிட்டதாகவும் பொய் சொன்னேன்.

போன மாதம் ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் என் தையல் கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் அதே தோழி. இப்போது அந்தத் துறையின் தலைவர். பழைய மாணவர்கள் சேர்ந்து அக்காவின் பெயரில் நினைவு உதவித்தொகை ஏற்படுத்துகிறார்களாம், குடும்பத்தின் சம்மதம் வேண்டுமாம். கடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில் அக்காவின் படத்தைப் பார்த்து அழுதார். உண்மையான அழுகைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். மகள் பெயர் கல்லூரியில் நிலைக்கப்போகிறது என்று அம்மாவுக்கு வாயெல்லாம் பல். கையெழுத்துப் போடு என்று என்னை அவசரப்படுத்தினார்.

நான் படிவத்தைப் படித்தேன். ஏழாம் பத்தி இது: ‘விண்ணப்பிப்பவரின் இல்லத்தைத் துறை மாணவர்கள் நேரில் ஆய்வு செய்து புகைப்படத்துடன் அறிக்கை அளிக்க வேண்டும். தேர்வு பெற்றவர் ஆண்டு விழா மேடையில் தம் குடும்ப நிலையை எடுத்துரைத்து நன்றி கூற வேண்டும்.’

“இது எதுக்குங்க மேடம்?” என்றேன்.

“வழக்கமா இருக்கறதுதானுங்க. பணம் குடுக்கறவங்க கேப்பாங்கல்ல. தகுதி இல்லாதவங்க வாங்கிட்டுப் போயிருவாங்க.”

“எங்கூடு மாதிரிங்களா?”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. “நான் பாத்தத எழுதுனனுங்க. பொய் எழுதல.”

“பொய் எழுதுனீங்கன்னு ஆருங்க சொன்னா?”

அதுவரை காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். “ஏனுங்க, இந்தத் தாள்ல என்ற புள்ள பேரு இருக்குமுங்களா?”

“ஆமாங்கம்மா. மேல பெருசா இருக்கும்.”

“அப்ப ஊடு பாக்க வர்றவங்க என்ற புள்ள பேரச் சொல்லிக்கிட்டுத்தான் படியேறுவாங்களா?”

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஒதவி பண்ணுங்க, நொம்ப சந்தோசம். வேவு பாக்கறதுக்கு என்ற புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போவாதீங்க” என்றார் அம்மா.

நான் கையெழுத்துப் போடவில்லை. குழுவில் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மலர் அச்சுக்குப் போகும் வரை பதில் வரவில்லை. உன் வீம்பால் ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்பு நின்றால் அந்தப் பாவம் உனக்குத்தான் என்று சித்தப்பா சொன்னார். அது சுருக்கென்று தைத்தது. அக்கா இருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைக்குப் பணம் கிடைத்தால் சரி என்று போட்டுக் கொடுத்திருக்கவும் கூடும். ஆகவே அக்காவின் பெயரைச் சொல்லி இதை எழுதவில்லை. இது என் கோபம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சனி, ஞாயிறு மட்டும் வந்த அக்காவுக்கு மறுக்காமல் பெயர் போட்டு வேலை கொடுத்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஐயாவுக்கு, தங்கள் கூடையிலிருந்து அள்ளி அக்காவின் கூடையை நிரப்பிய தோட்டத்துப் பெண்களுக்கு, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் முகம் சுளிக்காமல் ஜீப் ஓட்டிய டிரைவர் அண்ணனுக்கு, அக்காவைத் தொட்டுத் துடைத்துவிட்ட வார்டு நர்சம்மாவுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று. இன்று ஜெபம் முடிந்ததும் துறையார் வாசலில் மேசை போட்டு நன்கொடை வாங்குவார்கள். சித்தப்பா சம்மதித்துவிட்டார். கொடுக்க நினைப்பவர்கள் முதலில் படிவத்தைக் கேட்டு வாங்கி ஏழாம் பத்தியைப் பாருங்கள். அதைக் கோடு போட்டு அடித்திருந்தால் தாராளமாகக் கொடுங்கள், அங்கேயே நானும் கையெழுத்துப் போடுகிறேன். அடிக்காமல் இருந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு பந்திக்கு வாருங்கள். எல்லோருக்கும் சாப்பாடு இருக்கிறது. உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று இங்கே ஒருவரும் கேட்க மாட்டோம்.