அலை விழுங்கும் தகடு

உமியை ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார் முர்ஷித். கசக்கி, ஊதி, அடுத்த மூட்டைக்குப் போகிறார். நிந்தவூர் நெல் ஆலையில் இது அடிக்கடி நடப்பது. ஆலைக்காரர் அபூசாலிக்கு அலுத்துவிட்டது.

"சேர், மாடுகூட இப்பிடி மோந்து பாக்காது. எல்லாம் ஒரே உமிதான்."

"இல்ல காக்கா. இது வரிப்பத்தான்சேனை நெல்லு. ஈரம் கொறவு. இதிலதான் கரி நல்லா வரும்."

முர்ஷித் நாற்பதை நெருங்குகிறார். பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறார். உமியைக் காற்றுப் புகாமல் எரித்துக் கரியாக்கி, கரியின் நுண்துளைகளுக்குள் நிக்கலையும் இரும்பையும் ஏற்றி, பிசினில் குழைத்துத் தகடாக வார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. மேலே வந்து படும் மின்காந்த அலையை அந்தத் தகடு திருப்பி அனுப்பக் கூடாது. ஊடுருவ விடவும் கூடாது. தனக்குள்ளேயே தீர்த்துவிட வேண்டும்.

"தகரத்தில பட்டா அலை திரும்பிப் போயிரும்," என்பார். "நம்மட கரைச்சல் அடுத்த ஊட்டுக்குப் போகும், அவ்வளவுதான். உள்ள எடுத்து, சூடாக்கி, முடிச்சிடுறதுதான் வேலை."

அலையில் மின்னும் உண்டு, காந்தமும் உண்டு. கரி மின்னைத் தின்னும். நிக்கலும் இரும்பும் காந்தத்தைத் தின்னும். உலோகம் கொஞ்சம் கூடினால் அலை தகட்டின் முகத்திலேயே மோதித் திரும்புகிறது. குறைந்தால் மறுபக்கத்தால் வெளியேறிவிடுகிறது. இந்தக் கொஞ்சத்துக்குள்ளேதான் முர்ஷித்தின் இளமை போயிற்று.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தத் துண்டு இருக்கும். கதவு, கரண்டி, பஸ் கம்பி, எதைக் கண்டாலும் ஒட்டிப் பார்ப்பார். ஒரு கல்யாண வீட்டில் சஹன் என்னும் பெரிய சோற்றுத் தாலத்தைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்ததும், கை கழுவிய ஈரத்தோடு தாலத்தின் விளிம்பில் காந்தத்தை வைத்தார். "சேர், இழுத்துக்கிட்டுப் போயிராதீங்க, நாங்க இன்னம் தின்னல்ல," என்றார் எதிரே இருந்தவர். முர்ஷித் சிரிக்கவில்லை. "இது ஒட்டல்ல," என்றார் யோசனையோடு.

வீடு மனைவி சஹ்லாவுக்குச் சீதனமாக வந்தது. கல்முனையிலிருந்து வந்து குடியேறிய மாப்பிள்ளை இவர். மாமி ஆயிஷா உம்மாவும் அங்கேதான். ஆயிஷா உம்மா மருமகனோடு நேரில் கதைப்பதில்லை; அந்த வீட்டு மரியாதை அப்படி. மருமகன் சாப்பிட்டுக்கொண்டிருக்க, கைக்கெட்டும் தூரத்தில் திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் கேட்பார்:

"மாப்புளைட்ட கேளு புள்ள, இன்னம் ஆணம் ஊத்தவா எண்டு."

"போதும் எண்டு மாமிட்ட சொல்லு," என்பார் முர்ஷித், மனைவியைப் பார்த்து.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இரிக்கி. நான் என்னத்துக்கு நடுவில?" என்பார் சஹ்லா.

இந்த வருடத்துக்குள் கலாநிதிப் பட்டம் முடியாவிட்டால் முர்ஷித்தின் பதவி நிலைக்காது. எழுத வேண்டியதெல்லாம் எழுதியாயிற்று. தகடு எவ்வளவு அலையை விழுங்குகிறது என்ற ஒரே ஓர் அளவீடு பாக்கி. அதற்கான இயந்திரம் கண்டியில் இருக்கிறது. கெஞ்சிக் கேட்டு ஒரு காலைப்பொழுதுக்கு அனுமதி வாங்கியிருந்தார். முந்தின நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பஸ். உள்ளங்கையளவான கறுப்புத் தகட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நண்பகல் லுஹர் தொழப் போனார். பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்த அடுத்த வீட்டுக்காரனான நானும் அவரோடு திரும்பி வந்தேன்.

ஜன்னல் விளிம்பில் ஒரு வெள்ளித் தகடு பளபளத்தது.

பெருநாளைக்குக் கேற்றுக்கு அடித்த பெயின்ட் மிச்சம் இருந்திருக்கிறது. சஹ்லா படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தால் இன்னும் வந்திருக்கவில்லை. மாப்பிள்ளையிடம் நேரே கேட்கும் வழக்கமும் இல்லை. ஆயிஷா உம்மா தானே முடிவெடுத்து, இரண்டு பக்கமும் நன்றாகப் பூசிவிட்டார்.

அப்போதுதான் உள்ளே நுழைந்த சஹ்லா அலறினார். "உம்மா! என்ன வேலகா செஞ்சி வெச்சிரிக்கிங்க!"

"ஏன் புள்ள?" என்றது திரை. "கண்டிக்குப் பெரிய மனிசர்ட்ட கொண்டுபோற சாமான், சட்டியடி மாதிரிக் கெடந்தா மாப்புளைக்கித்தானே வெக்கம்? நல்லமா எண்டு கேளு."

வெள்ளிப் பெயின்ட் என்பது அலுமினியத் தூள். அலை நுழைய வேண்டிய முகம் மூடப்பட்டுவிட்டது. சஹ்லா மறுபடி வாயைத் திறந்தபோது முர்ஷித் கையைத் தூக்கித் தடுத்தார்.

"பளபளண்டு இரிக்கி எண்டு மாமிட்ட சொல்லு," என்றார்.

தகட்டைக் கடதாசியில் ஏந்திக்கொண்டு என் மோட்டார் சைக்கிளில் ஏறினார். பிரதான வீதியில் அஸ்கியின் கராஜுக்குப் போனோம். பெயின்ட் கரைக்கும் தின்னர் கேட்டார்.

"சேர், இத உட்டுட்டு வேற ஒண்டக் கொண்டுபோங்களன்," என்றான் அஸ்கி.

"வேற இல்ல. இது ஒண்டுதான் சரியா வந்த."

தின்னர் பெயின்டோடு பிசினையும் கரைத்துவிட்டால் கதை முடிந்தது. பஞ்சைத் தொட்டு ஒரு மூலையில் மட்டும் வைத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். பஞ்சில் வெள்ளி வந்தது, கறுப்பு வரவில்லை. நகத்தால் தட்டினார். தகடு இறுக்கமாகவே இருந்தது. பெயின்ட் இன்னும் காயாதது நல்லதாயிற்று. மெல்ல மெல்லத் தகட்டின் ஒரு முகம் முழுவதையும் துடைத்தெடுத்தார். வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்த்தார். ஒரு பொட்டு வெள்ளி இல்லை.

அஸ்கி தகட்டைத் திருப்பி மறுபக்கத்தில் பஞ்சை வைக்கப் போனான்.

"வேணாம், அது கெடக்கட்டும்," என்றார் முர்ஷித். "பின்னால எப்பிடியும் ஒரு உலோகத் தகட்ட வெச்சித்தான் அளப்பாங்க. அதால பிழையில்ல."

"துடைச்சாலும் பிழையில்லதானே, சேர்?"

முர்ஷித் தகட்டை வாங்கிக் கடதாசியில் வைத்தார். கைகளை மண்ணெண்ணெயால் கழுவினார்.

பையை எடுக்க வீட்டுக்கு வந்தோம். அஸர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது; தகட்டின் வெள்ளியும் அதற்குள் காய்ந்திருந்தது. சஹ்லா பிளாஸ்கில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திரைக்குக் கீழே ஆயிஷா உம்மாவின் கால்விரல்கள் தெரிந்தன. முர்ஷித் பைக்குள் மடித்து வைத்த இரண்டு சாரன்களுக்கு நடுவே தகட்டை வைக்கக் குனிந்தார், பிறகு நிமிர்ந்தார். துடைத்த கறுப்புப் பக்கத்தை நெஞ்சோடு சேர்த்து, வெள்ளிப் பக்கம் திரையைப் பார்க்கும்படி தகட்டைப் பிடித்துக்கொண்டு, சட்டைக் கையால் அதில் இல்லாத தூசியைத் தட்டினார்.