பஞ்சுக் கட்டு ஏலம்

அண்ணன் அடிபட்டது 1986 ஜூலையில், ஒரு வியாழக்கிழமை காலை. பீர்க்கன்கரணைத் தெரு ஜி.எஸ்.டி. சாலையில் ஏறும் இடத்தில், ஜல்லி லாரி ஒன்று சைக்கிளோடு சேர்த்துத் தட்டிவிட்டு நிற்காமல் போனது. அண்ணன் தாம்பரத்தில் கணக்கு வாத்தியார். நான் எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். தொடை கிழிந்து ரத்தம் கொப்பளித்தது. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. பத்தாம் வகுப்புக்கு இன்று மாதத் தேர்வு, ஸ்கூலுக்குச் சொல்லிவிடு என்றார்.

அந்த வழியாக வந்த மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர் காய்கறி மூட்டைகளைச் சாலையோரம் தள்ளிவிட்டு அவரை ஏற்றிக்கொண்டார். அண்ணியும் அதற்குள் வீட்டிலிருந்து ஓடி வந்துவிட்டார். தாம்பரம் போகும் வழியிலேயே ஒரு நர்சிங் ஹோம் இருந்தது. அதை நடத்திய டாக்டர் எங்கள் சபைக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பெஞ்சு அவருடையது. எங்கள் அப்பாவின் அடக்க ஆராதனையில் உருக்கமாக ஜெபம் செய்தவர். இவர் இருக்கும்போது என்ன பயம் என்று நினைத்தேன்.

டாக்டர் படி வரை வந்தார். வண்டியை எட்டிப் பார்த்தார். கை வைக்கவில்லை.

"ஆக்ஸிடென்ட் கேஸ், தம்பி. போலீஸ் மெமோ இல்லாம தொட முடியாது. நாளைக்குக் கோர்ட்ல நான்தான் நிக்கணும்."

கொஞ்சம் பஞ்சாவது கொடுங்கள் என்று அண்ணி கேட்டார். பஞ்சு கொடுத்தால் அதுவும் சிகிச்சைதான் என்றார் டாக்டர்.

அந்த நாளில் இந்தப் பக்கத்தில் எல்லோரும் அதை வேதவாக்குபோல் நம்பினார்கள். விபத்து என்றால் முதலில் ஸ்டேஷன், பிறகுதான் ஆஸ்பத்திரி. அண்ணனை நர்சிங் ஹோம் வாசலில் விட்டு நான் மெமோவுக்கு ஓடினேன். எழுதித் தர வேண்டியவர் வெளியே போயிருந்தார். காத்திருந்து வாங்கி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வண்டி அதே இடத்தில் நின்றது. வெயில் ஏறியதால் மர நிழலுக்குத் தள்ளியிருந்தார்கள், அவ்வளவே. அண்ணி புடவைத் தலைப்பைச் சுருட்டித் தொடையில் அழுத்திக்கொண்டிருந்தார். தலைப்பு முழுக்க நனைந்திருந்தது.

"இன்னா சார் இவ்ளோ லேட்டு? ரத்தம் போயினே கீது. அந்தாளு ஜன்னலச் சாத்திக்கினு உள்ள பூட்டான்" என்றார் வண்டிக்காரர்.

மெமோவைப் பார்த்த டாக்டர், நிலைமை மோசமாகிவிட்டது, இனி இங்கே வைத்துப் பார்க்க முடியாது, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார். டாக்ஸியில் போனோம். பல்லாவரம் தாண்டியதும் அண்ணன் பேசுவதை நிறுத்தினார். பெரிய ஆஸ்பத்திரியின் டூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். எல்லாம் முடிந்த பிறகு, இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். உடனே யாராவது ரத்தத்தை நிறுத்தியிருந்தால் கால் போயிருக்கலாம், ஆள் பிழைத்திருப்பார் என்றார்.

அந்த வாக்கியத்தை அண்ணியிடம் அப்படியே ஒப்பித்தேன். மறைத்திருக்கலாம் என்று பிறகு பலர் சொன்னார்கள். எதற்கு மறைக்க வேண்டும்?

அந்த வருடம் அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சபையில் அன்று ஆளாளுக்கு வாழைத்தார், பூசணிக்காய், கோழி, கேக் என்று காணிக்கை கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம் நடக்கும். டாக்டர் ஒவ்வொரு வருடமும் பெரிய கேக்கை யாரும் எட்டாத விலைக்கு எடுத்து, மறு ஏலத்துக்கே திருப்பிக் கொடுப்பார். சபை கைதட்டும்.

அண்ணி ஒரு பஞ்சுக் கட்டு கொண்டுவந்தார். மருந்துக் கடையில் நீலக் காகிதம் சுற்றி விற்பார்களே, அது. பூசணிக்கும் கோழிக்கும் நடுவில் வைத்தார். ஏலம் விட்டவர் ஒரு டிரில் மாஸ்டர், தமாஷ் பேர்வழி. யார் வைத்தது என்று தெரியாமல் கட்டைத் தூக்கிக் காட்டினார்.

"டாக்டர் இருக்கிறப்ப பஞ்ச வேற யாரு கேக்கப் போறா? ஆரம்பிங்க டாக்டர்."

மாஸ்டர் மட்டும் சிரித்தார். அண்ணி உட்கார்ந்தபடியே சொன்னார்:

"அவரு கேக்க மாட்டாருண்ணா. மெமோ இல்லையே."

பந்தலில் கோழி கொக்கரித்தது கேட்டது. டாக்டரின் மனைவி கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். அன்று சபையில் போட்ட பிரியாணியை நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அத்தனை ருசி.

அடுத்த வருடமும் பஞ்சு வந்தது. அதற்கடுத்த வருடமும். என் பங்குக்கு நான் சலூனில், ரேஷன் வரிசையில், மின்சார ரயிலில், காது கொடுத்தவர்களிடமெல்லாம் அந்த வியாழக்கிழமையைச் சொன்னேன். சபைக்காரர்கள் பிரசவத்துக்குச் சேலையூர்ப் பக்கம் போகத் தொடங்கினார்கள். நர்சிங் ஹோம் வாசலில் செருப்புகள் குறைந்தன. ரயிலுக்குப் போகும்போது அதைப் பார்த்துக்கொண்டே போவேன்.

எண்பத்தொன்பதில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அடிபட்டவருக்கு முதலில் சிகிச்சை, மற்றதெல்லாம் பிறகு. அந்த வருடப் பண்டிகையில் டாக்டரே பஞ்சைக் கேட்டு, கேக் விலைக்கு எடுத்தார். மறு ஏலத்துக்குக் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனார். சில வாரத்தில் பெருங்களத்தூரில் லாரி மோதிய ஒரு கொத்தனாரை மெமோ கேட்காமல் உள்ளே எடுத்தார். கொத்தனார் பிழைத்தார். சபையில் ஸ்தோத்திரம் ஏறெடுத்தார்கள்.

போதகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவரு மாறிட்டாரும்மா. இப்ப கோர்ட்டே சொல்லிடுச்சு. இனிமே பஞ்சு வேணாமே."

"தடுக்கிற சட்டம் எப்பவுமே இல்லன்னுதான் பாஸ்டர் கோர்ட் சொல்லியிருக்கு. பேப்பர்ல படிச்சேன்." அண்ணி நிமிரவில்லை. "அந்தக் கொத்தனாருக்கு ரத்தத்த நிறுத்த எவ்ளோ நேரமாச்சாம்?"

போதகர் பெருமையோடு சொன்னார்: "அஞ்சே நிமிஷம்தாம்மா."

அண்ணி கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

போதகர் காபியைக் குடிக்காமல் எழுந்தார். அதுவரை நான் டாக்டரைக் கோழை என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். சில நாள் கொஞ்சம் இரக்கம்கூட வந்ததுண்டு. அன்றோடு அதுவும் போயிற்று.

பஞ்சு கொண்டுபோவதை அண்ணி நிறுத்திவிட்டார். மன்னித்துவிட்டார் என்று சபை நினைத்தது. அவர் செய்தது வேறு: டாக்டருக்கு நேர் பின்னால், இரண்டாம் பெஞ்சுக்கு இடம் மாறினார். ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைபிடிக்கும் நேரத்தில் டாக்டர் திரும்பிக் கை நீட்டுவார். அண்ணி முகத்தைப் பார்க்க மாட்டார். அந்தக் கையையே பார்ப்பார். அது நீட்டியபடியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்.