கத்திரிக்காய் வழக்கு

வினோத வழக்குகளைத் தேடிப் பத்திரிகைக்குத் துணுக்கு எழுதிய நாட்களில், வேலூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் அவரைப் பார்த்தேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் இடது, வலது ஷூக்களைப் பொருத்தி ஜோடி சேர்ப்பவர். மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வாசலில் கலைந்து கிடந்த எல்லோருடைய செருப்புகளையும் ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அவர் மகளின் நிச்சயதார்த்த விருந்தில் பிரியாணிக்குக் கத்திரிக்காய்த் தொக்கு வரவில்லை. ஆம்பூரில் அது இல்லாமல் யாரும் பிரியாணி பரிமாறுவதில்லை. வேண்டுமென்றே அவமதித்ததாக நினைத்து, மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தத்தை முறித்துக்கொண்டு போய்விட்டார்கள். சமையல்காரர் மேல் வழக்குப் போட அவர் வந்திருந்தார்.

"நஷ்டஈடு எவ்ளோ கேக்கலாம்?" என்றார் வக்கீல், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அது இன்னாத்துக்கு சார்? பொண்ணு சாப்பிடாம படுத்துக் கெடக்குது. 'நான்தான் மறந்துட்டேன்'னு அந்தாளு மாப்ள வீட்ல வந்து ஒரு வார்த்தை சொல்லணும். அவ்ளோதான்."

"அப்படிச் சொல்ல வைக்கக் கோர்ட்டால முடியாதுப்பா."

"அப்போ யாரால சார் முடியும்?"

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் பேனாவை மூடினேன்.

ஆம்பூர்க்காரர் போன பிறகு வெளியே வந்தேன். அவர் சேர்த்து வைத்த என் செருப்புகள் தெருவைப் பார்த்தபடி இருந்தன. அவற்றை மாட்டிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.