கேம்பின் ஆறாவது கட்டிடம்

அன்று காலையில் அந்த ஆறு கட்டிடங்களையும் எத்தனை முறை சுற்றி வந்தேன் என்று எனக்கே தெரியாது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எதையாவது துடைக்கத் தோன்றியது. துடைத்த கரும்பலகையையே மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து டோலியில் மலையேறி வந்துகொண்டிருந்தார். இந்தக் கட்டிடங்கள் பள்ளிக்கூடம் நடத்தத் தோதுப்படும் என்று அவர் எழுதிவிட்டால் டீச்சர் வேலை எனக்கு. இல்லாவிட்டால் மலையிறங்கி, அண்ணன் பார்த்து வைத்திருக்கும் ராசிபுரத்துக்காரருக்கு இரண்டாம் தாரமாகப் போக வேண்டும். அவரை ஒரு தடவை பார்த்திருந்தேன். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அண்ணனிடம், "சமையல் வருமுங்களா?" என்று கேட்டார். எனக்கு அதுவே போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த இடத்தை எல்லோரும் கேம்பு என்றுதான் சொல்வார்கள். உலகச் சண்டைக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி ஆலத்தூர் நாட்டு மலைக்கிராமப் பிள்ளைகளுக்காகக் கட்டியது. சித்திரையிலும் வைகாசியிலும் பிள்ளைகள் காலையில் வந்து, விளையாடி, எழுத்துப் படித்து, சாமைக் கஞ்சி குடித்துவிட்டு வெயில் தாழ வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். ராத்தங்க எந்தத் தாயும் விடமாட்டாள். எழுத்துச் சொல்லிக்கொடுக்க நான் மூன்று கோடை அங்கே போயிருந்தேன். கருங்கல் சுவர் வைத்த மண்டபத்துக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் பாடத்தை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், அவ்வளவு சத்தம். அப்புறம் பக்கச்சுவர் இல்லாத சாப்பாட்டுக் கொட்டகை, சமையலறை, மருந்து அறை, பந்தும் பாயும் போட்டு வைக்க ஓர் அறை. வெளியே பிள்ளைகள் குளிக்கச் சிமெண்டுத் தொட்டி, இரும்பு ஊஞ்சல். துரைசானி தன் தேசத்துக்குப் போன மறு வருஷமே ஊஞ்சல் சங்கிலியை யாரோ மாடு கட்டக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆறாவது கட்டிடம் கக்கூஸ். அதில்தான் வம்பே. துரைசானி அதை மற்ற கட்டிடங்களை விட்டுத் தள்ளி, பலாமரத்துக்குப் பின்னால், மூங்கில் தட்டி மறைத்து, ஓடு போட்டுக் கட்டினாள். ஒரே ஒரு கதவு. வாசலில் தண்ணீர்ப் பானை. ஆனால் ஒரு பிள்ளை உள்ளே போகாது. எல்லாம் புதருக்கு ஓடும். துரைசானி தினமும் கத்துவாள், நானும் சேர்ந்து கத்துவேன். கடைசியில் கஞ்சி காய்ச்ச வந்த அம்மாள்தான் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, பொம்பளைங்க ஒதுங்கற ஊட்டுக்குள்ள பசங்களைப் போகச் சொல்றீங்களே, நல்லாவா இருக்குது?"

அந்த மலையில் வீட்டுக்குத் தூரமான பெண்கள் ஒதுங்கியிருக்க ஊருக்கு ஊர் தனிக்குடிசை உண்டு. தள்ளி இருக்கும், மறைவாக இருக்கும், வாசலில் தனிப்பானை இருக்கும். துரைசானி கட்டியதைப் பார்த்ததும் இது அதுதான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அதுவும் ஓடு போட்டு! வெள்ளைக்காரிக்கு எவ்வளவு நல்ல மனசு என்று பேசிக்கொண்டார்களாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். துரைசானியிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும்.

அவள் போன பிறகு பக்கத்து ஊர்க் குடிசை மழையில் விழ, பெண்கள் இதற்கே வந்துவிட்டார்கள். காலியாகக் கிடக்கிற கட்டிடம்தானே என்று, கேள்விப்பட்ட நானும் பேசாமல் இருந்தேன். இன்ஸ்பெக்டர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் நான் மலையேறி வந்தபோதுதான் தெரிந்தது, உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று. கேம்பிலேயே முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தவள் அவள்தான். பன்னிரண்டு வயது. முதல் தடவை. ஒரு அரைமணி நேரம் பலாமரத்தடியில் உட்காரச் சொல்லலாமா என்று அவளுடைய அம்மாவிடம் கேட்டேன்.

"ஏழு நாளு முடியறதுக்குள்ள ஆம்பளை கண்ணுல பட்டா ஊரு எங்களைச் சேத்துக்காதுங்க, சாமி," என்று அவள் என் காலைப் பிடிக்க வந்தாள். எனக்கு அந்த வழக்கத்தின் மேல் அப்போதும் கோபம், இப்போதும் கோபம். ஆனால் கோபப்பட்டு என்ன செய்வது?

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், அதைச் சொல்ல வேண்டும். மண்டபத்தைப் பார்த்துத் தலையாட்டினார். தொட்டியைப் பார்த்து, "பேஷ்" என்றார்.

"கக்கூஸ் இருக்கா அம்மா? அது இல்லாம இப்ப அனுமதி கிடையாது."

கையைக் காட்டினேன். அவர் நடந்தார். தட்டி அருகே போனதும் எனக்கு வாய் திறக்க வேண்டியதாயிற்று. உள்ளே யார், ஏன் என்று சொன்னேன். அவர் சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவர் வீட்டிலும் இதெல்லாம் உண்டுபோலும்.

"சரி, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். பொண்ணை எழுப்பிப் பின்பக்கமா அனுப்பிட்டுக் கூப்பிடுங்க. ஒரு பார்வை பார்த்தாப் போதும்."

டோலிக்காரர்கள் நான்கு பேரும் ஊர்க்காரர்கள் சிலரும் மரத்தடியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவில் கை வைத்தேன். தள்ளினேன் என்றே சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து அவள் கதவை இழுத்துப் பிடித்திருப்பது என் கையில் தெரிந்தது. சின்னக் கை, அதற்கு எவ்வளவு பலம்! இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் திறந்திருக்கும். எனக்கு வேலை கிடைத்திருக்கும். கையை எடுத்துவிட்டேன்.

"முடியாதுங்க," என்றேன்.

"அப்ப இல்லைன்னுதான் எழுதணும்."

"எழுதிக்கோங்க."

குரல் எப்படி அவ்வளவு திடமாக வந்தது என்று தெரியவில்லை. டோலி திருப்பத்தில் மறைந்த பிறகு தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். சத்தம் வராமல் அழுவதாகத்தான் நினைப்பு. உள்ளேயிருந்து அவள் கேட்டாள்:

"டீச்சர், அவரு போயிட்டாருங்களா? பள்ளிக்கோடம் எப்பங்க தொறப்பாங்க?"

"நீ ஏழு நாளு முடிஞ்சு வெளிய வா கண்ணு. அதுக்குள்ள தொறந்துருவாங்க."

அவள் வெளியே வர இன்னும் நான்கு நாள் இருந்தது. அதுவரை அங்கே இருக்க எனக்குத் தைரியம் இல்லை. மறுநாள் விடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு, அந்தப் பலாமரத்துப் பக்கம் போகாமல், வேறு வழியாக மலையிறங்கிவிட்டேன்.