சங்கத்துக்குச் சாயா

எங்கள் அப்பா ஒரு சோலையைக் காப்பாற்றியவர் என்று போடிமெட்டுப் பக்கம் இன்றும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு எவ்வளவு சாயா ஆயிற்று என்று அம்மாவைக் கேட்டால்தான் தெரியும்.

எழுபதுகளில் நாங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்தோம். மேலே சோலை, சோலைக்குள் ஓர் ஊற்று. அங்கிருந்து வாசல்வரை வாய்க்காலில் வருவதுதான் லயம் முழுவதற்கும் தண்ணீர். விறகுக்கென்று ஆளாளுக்கு மரத்தை வெட்டியதில் ஒரு கோடையில் ஊற்று வற்றிப்போனது. நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளிய பெண்கள், அதற்குமேல் பள்ளத்து ஓடைக்கு இறங்கிக் குடம் சுமந்தார்கள். அம்மாதான் அப்பாவை உலுக்கினாள்.

"சோலையில யாரும் கத்தி வைக்கக் கூடாதுன்னு நாலு பேரக் கூட்டிச் சொல்லுங்க. எனக்குக் கழுத்து ஒடியுது."

நாலு பேர் கூடினார்கள், சங்கமானது, அப்பா தலைவரானார். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில்தான் கூட்டம். அப்பா வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டார். கேட்பவர்கள் எழுந்து போகாமலிருக்கக் கட்டன் சாயா வந்துகொண்டே இருக்க வேண்டும். சோலைக்குள் காய்ந்த சுள்ளியைக்கூடத் தொடக் கூடாது, பிடிபட்டால் விறகுக் கட்டோடு கூட்டத்தின் முன்னால் நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டதும் அப்பாதான்.

மழைக்காலம் வந்தது. விறகுக்கென்று தோட்டத்தில் கொடுத்த கவாத்துக் குச்சியெல்லாம் தீர்ந்துவிட்டது. ஒரு ஞாயிறு சாயங்காலம் கூட்டம் நடக்கையில், சோலைக் காவலுக்குப் போன சித்தப்பா ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். சாக்கைக் கொங்காடியாகத் தலையில் கவிழ்த்த ஒரு பெண்ணை விறகுக் கட்டோடு கூட்டிவந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். சாக்கை விலக்கினால், அம்மா.

"மதினின்னு தெரியாமப் போச்சே," என்றார் சித்தப்பா பாவமாக.

"எதுக்கு எடுத்தே?" என்று அப்பா கேட்டார்.

"இவுகளுக்கெல்லாம் சாயா போடத்தான்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் அசையவில்லை. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் என்றார். இனி எடுக்க மாட்டேன் என்று அம்மாவும் சொன்னாள். சொந்தப் பெண்டாட்டியையே விடவில்லையே மனுஷன் என்று ஆளுக்கு ஆள் புகழ, எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிடிபட்ட கட்டை வேறெங்கே வைப்பது? எங்கள் அடுப்படியில்தான் போட்டார்கள். அம்மா அதையே அவிழ்த்து உலை வைத்தாள். நான் சாயா கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா மத்தியானமே எங்கோ கிளம்பிவிடுவாள். அடுத்த மலைச் சரிவிலிருந்து தலையில் ஒரு கட்டுச் சுள்ளியோடு, முழங்கால்வரை சேறாக, கூட்டம் தொடங்கிய பின்தான் வந்து சேருவாள். அப்பாவின் பேச்சைக் கேட்கப் பிடிக்காமல்தான் வெளியே சுற்றுகிறாள் என்று எனக்கு அவள்மேல் கோபம்.

மறு கோடையில் ஊற்று வற்றவில்லை. அப்பாவுக்கு மாலை போட்டார்கள். அன்றைக்கு அம்மா என்னைக் கூப்பிட்டுக் கழுத்தில் எண்ணெய் தேய்க்கச் சொன்னாள். அவளால் நிமிர்ந்து உட்காரவே முடியவில்லை, சுவரில் சாய்ந்துகொண்டாள். தேய்த்துக்கொண்டே நான் கேட்டேன், "தண்ணிதான் வாசலுக்கே வந்துருச்சே, இன்னும் என்னம்மா கழுத்து வலி?"