கல்லறைச் சுவரில் ஒரு பெயர்

இது கட்டுக்கதை இல்லை. அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊரில், கதிர் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள், உங்களுக்கு அதுதான் நல்லது.

கதிருக்குக் கை சும்மா இருக்காது. செஞ்சிக் கோட்டையோ மலைக்குகையோ, எங்கே போனாலும் பெயரைக் கிறுக்காமல் திரும்ப மாட்டார். போன டிசம்பரில் குடும்பத்தோடு எகிப்து போனார். லக்சர் பக்கம் ஒரு பழைய கல்லறை. தொடக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். காவலாளி அந்தப் பக்கம் திரும்பியதும், கார் சாவியால் ஆறு வயது மகளின் பெயரைச் சுவரில் கீறினார். அங்கே ஏற்கெனவே இருந்த சித்திர எழுத்துகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன.

"ஏங்க, எதையோ அழிக்கிறீங்க" என்றாள் மனைவி யாமினி.

"இத யாரு படிக்கப் போறா? நம்ம பாப்பா பேராவது இருக்கட்டும்."

ஜனவரி 11, ஞாயிறு. மதியம் 2.10.

க்ர்ர்... க்ர்ர்...

மாடியில் ஏதோ சுரண்டும் சத்தம். எலி என்று நினைத்து ஏறிப் போனார். எலி இல்லை. மகளின் தண்ணீர் பாட்டிலில் பெயர் மட்டும் சுரண்டப்பட்டிருந்தது. கீழே ஒரு கைப்பிடி மணல்.

2.25. ஸ்கூல் பையிலும் பெயர் இல்லை.

"நீயா பாப்பா பண்ணே?"

"நோப்பா."

2.40. அவளுடைய பாஸ்போர்ட்டைத் திறந்தார். போட்டோ இருந்தது. பெயர் இருந்த இடத்தில் கீறல்.

கீழே ஓடினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை.

மறுபடி கூப்பிட்டார்.

"ஹூ இஸ் தட், அப்பா?"

க்ர்ர்... இப்போது அவர் தலைக்குள்.

வாயைத் திறந்தார். பெயர்... வரவில்லை.

"யாமினி... பாப்பா பேர் என்ன?"

யாமினியின் உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

இன்றுவரை வரவில்லை. வேறு பெயர் வைத்துப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் அதுவும் எல்லோருக்கும் மறந்துவிட்டது. இப்போதெல்லாம், கூப்பிட்டால் அந்தக் குழந்தை திரும்புவதே இல்லை.

பிப்ரவரியில், கீறுவதற்கு முன் எடுத்த சுவர் போட்டோவை, அந்த எழுத்து படிக்கத் தெரிந்த ஒரு பேராசிரியருக்குக் கதிர் அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது. அவர் அழித்தது, ஆறு வயதில் செத்துப்போன ஒரு பெண்குழந்தையின் பெயர். உலகத்தில் வேறெங்கும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. அதற்குக் கீழே அவள் தாய் வெட்டி வைத்த ஒரு வரி:

"என் மகளின் பெயரை அழிப்பவன், தன் மகளை என்ன சொல்லி அழைப்பான்?"