பூசணிக்கு முன்னால் செவ்வந்தி

ஜப்பான்காரன் காலத்தில் என் கணவரைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மலாயாவில், கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இரண்டு பிள்ளைகளோடு நான் தனியாக நின்றேன். அரிசி கிடையாது. பசிக்கிற நேரத்தில் பூ எதற்கு என்ற ஆத்திரத்தில், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த பூச்செடிகளை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு மரவள்ளியும் பூசணியும் போட்டேன்.

பூசணிக் கொடி நன்றாகத்தான் பூத்தது. ஆனால் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தன. அடுத்த லயத்து அஞ்சலை அக்காவுக்கோ கொடி நிறையக் காய். அழுதுகொண்டே அவரைக் கூட்டி வந்தேன்.

“ஒரு தேனீயாச்சும் இருக்கா பாரு! பூவையெல்லாம் பிடுங்கிட்டா அது எதுக்குலா இங்க வரும்?”

“செடி வாங்க என்கிட்ட என்னாக்கா இருக்கு?”

“நாலு மரவள்ளிக் குச்சி குடு, போதும்.”

தம் செவ்வந்தியில் சரிபாதியைப் பூவோடும் வேர்மண்ணோடும் பெயர்த்துக் கொடுத்தார். அவருக்கும் நான்கு பிள்ளைகள். தம் கொடிக்குத் தேனீ குறையுமே என்று யோசிக்கவே இல்லை. என்ன மனசு! சில நாளில் தேனீ வந்தது, பிஞ்சும் உதிராமல் நின்றது.

இன்றும் நான் செடியை விலைக்கு வாங்குவதில்லை, மாற்றிக்கொள்கிறேன். முதல் குழி செவ்வந்திக்குத்தான். “இதைத் திங்கவா முடியும், பாட்டி?” என்பாள் பேத்தி.

“இதுனாலதான்டி உங்கப்பன் உயிரோட இருக்கான்” என்பேன்.